ஆற்றில் கிடைக்காத கல்

ஜனவரி 11

அன்புள்ள சில்லுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நலம் என்பதற்கு இப்போதைக்கு அவ்வளவுதான் பொருள். உன் முழங்கால் வலி தேவலையா? மியூசியத்துப் படிகளை அடிக்கடி ஏறி இறங்காதே.

சிரிக்காமல் படி. உன் அண்ணன் கல் பொறுக்க ஆரம்பித்திருக்கிறான். சின்ன வயதில் பாவாடை நிறையச் சில்லு பொறுக்கி வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நீ. அந்தப் பெயரை வைத்தவன் நான். இப்போது என் முறை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் எத்தனை நாள்தான் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? காலையில் ஆற்றங்கரைப் பக்கம் போய்விடுகிறேன்.

இத்துடன் ஒரு டப்பாவில் ஆறு கற்கள். ஐந்து ஆற்றில் எடுத்தவை. பச்சையாக இருப்பது மட்டும் நம் பிள்ளை மொட்டை வீட்டில் விட்டுப்போன சட்டையின் பையில் இருந்தது. சுரங்கத்திலிருந்து கொண்டுவந்திருப்பான் போலிருக்கிறது. அது என்ன கல், எப்படிப்பட்ட இடத்தில் இருக்கும், அதைச் சுற்றி வேறு என்னென்ன கல் இருக்கும், எல்லாம் விவரமாக எழுது. அதை மட்டும் பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

போனில் கூப்பிடாதே. சுரங்கம் இடிந்து பிள்ளைகள் ஐந்து பேரும் உள்ளே மாட்டிக்கொண்ட வாரம் முழுக்க அது அடித்துக்கொண்டே இருந்தது. இப்போதும் மணிச் சத்தம் கேட்டால் உன் அண்ணி கையில் இருப்பதைப் போட்டுவிடுகிறாள். லைனைப் பிடுங்கிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணா,

முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி சுகம். அண்ணி சாப்பிடுகிறார்களா? அதை எழுதவே இல்லையே நீ.

உன் கற்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதேன். நீ எதையாவது கையில் எடுத்தாயே, அது போதும். மூன்று சாதாரண குவார்ட்ஸ். கத்தியால் கீறினால் கல்லில் கோடு விழாது, கத்தி முனைதான் மழுங்கும். நீ மரகதமோ என்று தனியாகத் தாளில் சுற்றியிருந்தது உடைந்த பாட்டில். வருத்தப்படாதே. போன வாரம் ஒரு தையல்காரர் வானத்திலிருந்து விழுந்த கல் என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு மியூசியத்தில் கல்லைப் பார்த்துப் பெயர் சொல்லும் எங்கள் கவுண்டருக்கு வந்தார். உலையில் வடிந்த இரும்புக் கசடு அது. சொன்னதும், "உங்களுக்கு வயித்தெரிச்சல்மா" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன் ஐந்தாவது கல்லும் அவருடைய கல்லுக்குத் தம்பிதான்.

மொட்டையின் கல் ஃப்ளோரைட். கத்திக்கு மசியும். உடைந்தால் மூலைகள் முக்கோணமாகத் தெறிக்கும். எவ்வளவோ காலத்துக்கு முன்னால் கொதிக்கும் நீர் பாறை வெடிப்புகளில் ஏறி வந்து விட்டுப்போனவை இந்தக் கற்கள். ஊற்றுக்குக் கிட்டே, நடுவில், இந்தப் பச்சை. அதை ஒட்டிப் பளபளவென்று ஈயத்தாது. இன்னும் தள்ளிப் போனால் வெள்ளை பேரைட். கையில் எடுத்தாலே தெரியும், அளவுக்கு மீறிக் கனக்கும். வெள்ளை குறைந்து பச்சை கூடிக்கொண்டே வந்தால் நடுப்பகுதியை நெருங்குகிறாய் என்று அர்த்தம். போதுமா பாடம்?

அவன் கல்லைப் பஞ்சில் வைத்து அனுப்பியிருக்கிறேன். அத்தையிடம் காட்டவென்று வைத்திருந்தானோ என்னவோ.

உன்,
சில்லு


பிப்ரவரி 19

அன்புள்ள சில்லுவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. அண்ணி சாப்பிடுகிறாள். நீ கேட்டாய் என்று சொன்னேன், தலையை ஆட்டினாள்.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது. ஒரு கத்தி, ஒரு உடைந்த ஓடு, வினிகர் பாட்டில், இதுதான் என் ஆய்வுக்கூடம். இந்தத் தடவை எட்டு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நான் நினைத்த பெயரை ஒட்டியிருக்கிறேன், திருத்திக் கொடு. அந்த வெள்ளைக் கல் நீ சொன்ன மாதிரியே கனக்கிறது, கேட்டாயா! கையில் எடுத்ததும் உன் ஞாபகம்தான் வந்தது.

நீலமாக, பாறைமேல் சர்க்கரை பூத்த மாதிரி ஒன்று இருந்தது. அழகாக இருந்ததால் சுரண்டி எடுத்துவந்தேன். அது என்ன?

ஒரு சந்தேகம். வெள்ளை குறைந்து பச்சை தொடங்குவதற்கு எவ்வளவு தூரம் இருக்கும்? நடந்து போகிற தூரமா, ஊர்ந்து போகிற தூரமா?

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

எட்டில் ஏழுக்கு நீ ஒட்டிய பெயர் சரி. எங்களுக்குக் கல் கொண்டுவருகிறவர்களில் ஒருவர்கூட இவ்வளவு சீக்கிரம் கற்றதில்லை. அந்த நீலம் கல்லே அல்ல, செம்பு கலந்த உப்பு. ஒரு மழைக்குத் தாங்காது, கரைந்து ஓடிவிடும். ஆற்றங்கரையில் அது இருக்கவே முடியாது. வெயிலும் மழையும் எட்டாத, மனிதன் தோண்டிவிட்டுப் போன சுவரில்தான் அது வளரும்.

அதன்பிறகு மற்றவற்றையும் மறுபடி மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஆற்றுக் கல் உருண்டு மழமழவென்று இருக்கும். நீ அனுப்பியவற்றின் விளிம்பு என் விரலைக் கிழித்துவிட்டது. "ஊர்ந்து போகிற தூரமா" என்று கேட்டிருக்கிறாய்.

அண்ணா, நீ எங்கே போகிறாய்?

சுரங்க வாயை கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள் என்றுதானே சொன்னாய்? வேறு வழி இருக்கிறதா? உனக்கு அறுபத்திரண்டு வயது. உடனே பதில் போடு.

சில்லு


ஏப்ரல் 14

அன்புள்ள சில்லுவுக்கு,

பதில் தாமதம். கையில் கொஞ்சம் அடி; பேனா பிடிக்க முடியவில்லை. மாடிப்படியில் வழுக்கிவிட்டேன். இப்போது தேவலை.

நீ வீணாகக் கவலைப்படுகிறாய். அந்த நீலக் கல் ஒருவர் கொடுத்தது. சுரங்கத்தில் கூரை சரியாமல் முட்டுக்கட்டை அடிக்கிற வேலையில் இருந்தவர். இப்போது டீக்கடையில் என்னோடு உட்காருகிறார். அவரிடம் பழைய கற்கள் நிறைய இருக்கின்றன.

இரண்டு துண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் 'இடது', இன்னொன்றில் 'வலது' என்று எழுதியிருக்கும். அது அவர் போட்ட அடையாளம். இரண்டும் நிறமில்லாமல், பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன; அடிபட்ட கைக்குக் கனமும் பிடிபடவில்லை. எது ஃப்ளோரைட், எது பேரைட்? இதை மட்டும் சொல். அப்புறம் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவன் காலையில் ஆற்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ போகிறான் என்று சந்தேகப்படுகிறேன். அவன் துணியைப் பாருங்கள். முட்டியும் முழங்கையும் தேய்ந்திருக்கிறதா? இருமுகிறானா? கையில் அடி எப்படிப் பட்டது? சுரங்கத்துக்குள்தான் போகிறான் என்றால் தடுத்து நிறுத்துங்கள் அண்ணி. நீங்கள் சொன்னால் கேட்பான். ஏற்கெனவே ஒருவனைக் கொடுத்துவிட்டோம்.

உங்கள்,
சில்லு


ஏப்ரல் 27

சில்லு,

உன் கடிதம் கிடைத்தது. இருக்கிறேன் அம்மா.

உன் அண்ணன் ஆற்றுக்குத்தான் போகிறார். துணியில் சேறு இருக்கும், துவைத்துப் போடுகிறேன். முட்டி கிழிந்தால் ஒட்டுப் போட்டுக் கொடுக்கிறேன். டார்ச் லைட்டுக்கு பேட்டரி தீர்ந்தால் கடையில் வாங்கி வைக்கிறேன். அவர் ஏதும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை.

ஒரு தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டாமல் குழியை மூடினார்கள். அதை நீ யோசித்துப் பார்.

அவர் உன்னிடம் ஏதோ கல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறாராம். தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். சீக்கிரம் பதில் எழுதிவிடு.

அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணா,

நான் நலம். இங்கே வேலை நெருக்கடி, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இரண்டையும் நன்றாகச் சோதித்துவிட்டேன். இரண்டுமே பேரைட். அவை கிடைத்த பக்கத்தில் ஃப்ளோரைட் இருக்க வாய்ப்பே இல்லை. அந்த முட்டுக்கட்டைக்காரர் தவறான இடத்தைக் காட்டுகிறார். அவரை நம்பி எங்கேயும் போகாதே. கல் பொறுக்கியது போதும். லீவு போட்டுவிட்டு வருகிறேன், கொஞ்ச நாள் மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம்.

உன்,
சில்லு


ஜூன் 30

அன்புள்ள சில்லுவுக்கு,

லீவு போடாதே. இனி அவசியமில்லை. நானும் அண்ணியும் உயிரோடு இருக்கிறோம்.

உன் கடிதம் வந்த அன்று என்னிடம் மீதமிருந்த இரண்டு துண்டையும் கைக்கொன்றாக வைத்துப் பார்த்தேன். 'இடது' கனத்தது. 'வலது' கனக்கவில்லை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன், மூலை முக்கோணமாகத் தெறித்தது. பேரைட் கனக்கும் என்று சொல்லிக் கொடுத்தவளே நீதானே. உனக்குப் பொய் சொல்ல வராது சில்லு, எப்போதுமே வந்ததில்லை. வலது பக்கம்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். உன்மேல் கோபமில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

மலைக்குப் பின்புறம், சுரங்கத்துக்குக் காற்று போக எப்போதோ வெட்டிய பழைய காற்றுக்குழி ஒன்று இருக்கிறது. அதைக் காட்டியது அந்த முட்டுக்கட்டைக்காரர்தான். ஜனவரியிலிருந்து அதில் இறங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே எல்லா வழியும் ஒரே மாதிரி இருக்கும். பாதி இடிந்து கிடக்கும். அன்று வேலைக்குக் கிளம்பும்போது மொட்டை, "இன்னிக்குப் பச்சைப் பக்கம்பா, சாயந்திரம் லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு இருந்தது. பாக்கி வழியை நீ சொன்னாய்.

வலது பக்கத்து இடிபாடுகளை நாள்கணக்கில் விலக்கி உள்ளே போய்ப் பார்த்தேன். நீ தாங்கிக்கொள்வாய் என்றுதான் எழுதுகிறேன். நாலு பேர் சுவரோரம் வரிசையாகப் படுக்கவைக்கப்பட்டிருந்தார்கள். அவரவர் சட்டை முகத்தின்மேல் போர்த்தியிருந்தது. மொட்டை அவர்களோடு இல்லை. தள்ளி, ஒரு ஆள் நீளத்துக்குத் தோண்டிய புதுப் பொந்துக்குள், கடப்பாரைத் துண்டின்மேல் சாய்ந்திருந்தான். காற்றுக்குழி இருக்கிற திசையைப் பார்த்து அவர்கள் தோண்டியிருக்கிறார்கள். அவன் முகத்தை மூட யாரும் மீதி இல்லை. நான்தான் மூடினேன்.

மேலே வந்து போலீஸில் சொன்னேன். கம்பெனி ஆட்கள் கான்கிரீட்டை உடைத்து ஐந்து பேரையும் மூடிய பெட்டிகளில் கொண்டுவந்தார்கள். மறுநாளே 'ஆபத்தான இடம்' என்று சொல்லி அந்தப் பொந்தை வெடிவைத்து இறக்கிவிட்டார்கள். அங்கே பார்த்ததைப் பற்றி எடுக்கப் போனவர்கள் மூச்சுவிடவில்லை. "எல்லாரும் பாறை விழுந்த நொடியிலேயே போயிட்டாங்க" என்றுதான் பொறியாளர் இன்னமும் சொல்கிறார். விசாரணை ஆகஸ்டில்.

உன் அண்ணியிடம் நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். நொடியில் போய்விட்டான், வலி தெரிந்திருக்காது என்று. விசாரணையிலும் அதற்கு மேல் சொல்லப்போவதில்லை.

இத்துடன் இருப்பது அந்தப் பொந்தின் சுவரில் உடைத்த துண்டு. இரும்பு பட்ட தடம் அதில் இருக்கிறது. இந்தக் கல்லில், உடைந்த கடப்பாரையால், ஒரு ஆள் நீளம் தோண்ட எவ்வளவு காலம் ஆகும்? இந்தத் தடவை பொய் வேண்டாம்.

அண்ணன்


ஜூலை 12

அண்ணா,

பொய் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு நேரமில்லை. முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

அது சுண்ணாம்புப் பாறைதான், ஆனால் குவார்ட்ஸ் ஊறி இறுகியது. சாதாரணச் சுண்ணாம்புக் கல்லைவிட எத்தனையோ மடங்கு முரடு. எங்களிடம் அதே ரகத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. மியூசியத்தில் கல் அறுக்கிறவரிடம் ஒரு துண்டுக் கடப்பாரையைக் கொடுத்துக் குத்தச் சொன்னேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நல்ல வெளிச்சத்தில், புது இரும்பால் குத்தினார். பொழுது சாயும்போது ஒரு சாண்கூட இறங்கவில்லை. "யாருக்குமா இந்தத் தண்டனை?" என்று கேட்டார்.

பட்டினியோடு, இருட்டில், மாற்றி மாற்றிக் குத்தியிருந்தால் இரண்டு வாரத்துக்குக் குறையாது. கான்கிரீட் ஊற்றியது முதல் வாரத்திலேயே. அன்றைக்கு அவர்கள் உயிரோடு இருந்தார்கள் அண்ணா. பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போதே வாயை மூடியிருக்கிறார்கள்.

இதை நீ சொல்லித்தான் ஆக வேண்டும். பொந்து இப்போது இல்லை. அதைப் பார்த்ததாகச் சொல்ல வேறு யாரும் முன்வரமாட்டார்கள். இந்தத் துண்டு மட்டும்தான் மிச்சம், அதுவும் நீ எடுத்தது என்று நீ சொன்னால்தான் அதற்கு மதிப்பு. அண்ணி தாங்கமாட்டார்கள் என்கிறாய். மற்ற நாலு வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்களே. அவர்கள் பிள்ளைகளின் முகத்தைக் கடைசியாக மூடியது மொட்டையின் கை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

கல்லை என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை எழுது, கொண்டுவருகிறேன்.

சில்லு


ஜூலை 29

சில்லு,

உன் கடிதத்துக்கு அவர் பதில் எழுதமாட்டார். நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். நீ அவருக்கு எழுதியதை நான் படிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். "வேணாம்மா, பாக்க முடியாது" என்று கம்பெனி ஆட்கள் தடுத்தார்கள். அவர் காகிதத்தில் கையெழுத்துப் போட உள்ளே போனபோது நானே மூடியைத் தூக்கினேன். பையனின் இரண்டு கையிலும் சட்டைத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தது, உள்ளங்கைப் பக்கம் நைந்துபோய் இருந்தது. நொடியில் செத்தவன் எதற்குக் கையில் துணி சுற்றிக்கொள்கிறான்? நான் மூடியைப் போட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று ராத்திரி, "நொடியிலேயே போயிட்டான், வலியே தெரிஞ்சிருக்காது" என்று அவர் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தபிறகு, "அப்படியா, நல்லவேளை" என்று சொன்னேன். அதிலிருந்து இரண்டு பேரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். பேசவே பயமாக இருக்கிறது.

விசாரணை ஆகஸ்ட் பதினெட்டு. ஜூனில் அவர் உனக்குக் கட்டி அனுப்பினாரே, அந்தக் கல்லோடு புறப்பட்டு வா. அவர் பேசமாட்டார் என்று பயப்படாதே. முந்தின நாள், எனக்குத் தெரியும் என்று நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். மற்ற நாலு வீட்டுக்கும் போய்விட்டு வந்தேன், எல்லோரும் வருகிறார்கள். நான் முன்வரிசையில் உட்காருவேன்.

வரும்போது முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வா. அந்த ஆபீஸில் படி அதிகம்.

அண்ணி


செப்டம்பர் 6

அன்புள்ள சில்லுவுக்கு,

நீ ரயிலில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரி போட்டிருக்கலாம். நாங்கள் இருக்கிறோம். உன் அண்ணி இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறாள்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் நாள் நீ கல்லை மேசையில் வைத்துப் பேசியபோது, "நீங்க செத்தவரோட அத்தைதானே?" என்று கம்பெனி வக்கீல் மடக்கினாரே, அதற்கு ஒரு முடிவு வந்தது. விசாரணை அதிகாரி வேறு ஊரிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்தார். இரண்டு பேரும் நீ சொன்னதையே சொன்னார்கள். நானும் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றே ஒன்றைத் தவிர.

அதன்பிறகு உன் அண்ணி கையைத் தூக்கினாள். பேச அனுமதித்தார்கள். பொறியாளரைப் பார்த்து, "வாய மூடறதுக்கு முன்னாடி, உள்ள யாராவது தட்டறாங்களான்னு காது வச்சுக் கேட்டீங்களா?" என்று கேட்டாள்.

"மெஷின் ஓடிட்டிருந்ததும்மா. அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

"நிறுத்திட்டுக் கேட்டிருக்கலாமே."

உன் அண்ணி பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள். அதிகாரி, "உக்காருங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

பொறியாளர்மேலும் மேனேஜர்மேலும் வழக்குப் போடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அது எப்போது முடியும், நான் இருக்கும்போதே முடியுமா, தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் எங்கிட்டயும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். காற்றுக்குழி, இருட்டு, பொந்து, கடப்பாரை, எல்லாம். அழாமல் கேட்டாள். கடைசியில்தான், "தனியா இல்லல்ல அவன்?" என்று கேட்டாள்.

"இல்ல. அஞ்சு பேரும் ஒண்ணாத்தான் படுத்திருந்தாங்க" என்றேன்.

அப்போதுதான் அழுதாள்.

அடுத்த தடவை நீ இங்கே வரும்போது அவள் உன்னிடமும் கேட்பாள். பொய் சொல்ல உனக்கு வராது என்று எழுதியிருந்தேன். இந்த ஒன்றுக்காவது கற்றுக்கொள்.

அன்புடன்,
அண்ணன்